நீங்கள் விட்டுப்போன விளையாட்டு இங்கிலிஷ்

என் பிரியமுள்ள செல்வராணி அக்கா,

பிரியமுள்ள என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உங்களை நான் ஒருநாளும் கண்டதில்லை. உங்கள் குரலைக் கேட்டதில்லை. உங்கள் கணவரைக் கட்டி, உங்கள் குசினியில் சமைத்து, உங்கள் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடத்தில் உங்கள் கதிரையில் இருந்து இங்கிலிஷ் படிப்பிக்கிறவள் நான். இந்த முரசுமோட்டையில் என்னைப்போல உங்களை விடாமல் நினைக்கிற ஆள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும்.

இன்று உங்கள் திவசம். சமைத்தது நான்தான். விடியற்காலையிலேயே பக்கத்து வளவுப் பாக்கியம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தொடங்கிவிட்டா.

"பாகற்காயை அவா கருகக் கருகத்தான் பொரிப்பா, பிள்ளை. உறைப்பும் தூக்கலா இருக்கோணும். உம்மட கறி நல்லாத்தான் கிடக்கும், நான் இல்லையெண்டேல்லை. ஆனா இண்டைக்கு அவான்ர நாளெல்லே."

கருகக் கருகப் பொரித்து, உறைப்பையும் தூக்கிப் போட்டுப் படைத்தேன். சாப்பிட்டீர்களா அக்கா? காகம் வந்து உடனே எடுத்தது. நான் வைத்தால் வழக்கமாக அது மதில் மேல் இருந்து யோசிக்கும்.

எனக்கு உங்கள்மேல் பொறாமை. இதை எழுத வெட்கப்படவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி பெரிய வாத்தியார் கேட்டார். 'நற்குணவதி, நல்லாசிரியை, மாணவர் மனங்களில் என்றும் வாழ்பவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் கடைசி வரி மட்டும்தான் நான் என் கண்ணால் கண்ட உண்மை. அந்த ஒரு வரியோடு இருக்கிறது என் பாடு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் யாழ்ப்பாணத்தில், வடமராட்சிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். முப்பது தாண்டியும் கலியாணம் ஒப்பேறாத ரீச்சர். இங்கிலிஷில் பயிற்சி பெற்றவள். இலக்கணத்தில் என்னை யாரும் மடக்க முடியாது என்று பெயர். ஆனால் ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு மட்டும். நான் இங்கிலிஷ் கதைத்ததெல்லாம் வகுப்பறைக்குள்ளும் பரீட்சைக்காரருக்கு முன்னாலும்தான். சிரிக்கவோ சண்டை பிடிக்கவோ, ஒருவரைக் கூப்பிடவோ அந்தப் பாஷை எனக்கு உதவியதில்லை.

தாரமிழந்த மாப்பிள்ளை, ஒரு பெண் பிள்ளை, குடியேற்றத்தில் வயல் காணி, நீர்ப்பாசனத்தில் ஓவசியர் உத்தியோகம் என்று சம்பந்தம் வந்தது. அதே பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் இடமும் வெறுமையாக இருந்தது. கலியாணமும் இடமாற்றமும் ஒன்றாக முடிந்தன. "எல்லாம் ஒரேயடியாப் பொருந்தி வந்திருக்கு" என்று அம்மா சந்தோஷப்பட்டா. இன்னொருத்திக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையும் சில வேளை பொருந்துவது போலத்தான் இருக்கும். போட்டு நடந்தால்தானே எங்கே பிடிக்கிறது என்று தெரியும்?

முதல் நாள் எட்டாம் வகுப்புக்குப் போனேன். உங்கள் மகள் சாந்தியும் அந்த வகுப்புத்தான். முன் வாங்கில் இருந்தாள். வாசிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். அப்போது ஒரு பெடியன் எழும்பி, "மிஸ், ரொஸ் போடேல்லையோ?" என்றான்.

"என்ன ரொஸ்?"

"ஆர் முதல் கதைக்கிறதெண்டு காசு சுண்டி ரொஸ் போட்டுத்தான் தொடங்கிறது, மிஸ். எங்கட மிஸ் அப்பிடித்தான்."

எங்கட மிஸ். நான் அவர்களுக்கு முன்னால் நிற்கிறேன். எங்கட மிஸ் நீங்கள்.

நீங்கள் எப்படிப் படிப்பித்தீர்கள் என்று அவர்களே எனக்குச் செய்து காட்டினார்கள். வகுப்பு இரண்டு அணி. நடுவில் ஒரு றப்பர் பந்து. பந்தை எறிகிறவர் ஒரு கேள்வியும் சேர்த்து எறிய வேண்டும்: உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும், யாரோடு விளையாடுவாய், நேற்று யார் வென்றது? பிடிக்கிறவர் மறுமொழி சொல்லிவிட்டு, புதுக் கேள்வியோடு பந்தை அடுத்தவருக்கு எறிவார். பந்து கை தவறினால் எல்லோரும் சேர்ந்து 'ஹார்ட் லக்'. மறுமொழி திக்கித் திணறி வந்தால் 'வெல் ட்றைட்'. சரியாக வந்தால் 'குட் கட்ச்', பந்துக்கும் சொல்லுக்கும் சேர்த்து. இன்னொருவர் கதிரையில் ஏறி நின்று நடக்கிறதையெல்லாம் றேடியோவில் சொல்வது போல விடாமல் சொல்ல வேண்டும்: இன்னார் பந்தை வைத்திருக்கிறார், ஓடுகிறார், விழுகிறார், எழும்புகிறார்.

இது படிப்பா, பந்தடியா என்று நினைத்தேன். பந்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கரும்பலகையில் அட்டவணை கீறினேன். நான் வாசிக்கிறேன், நீ வாசிக்கிறாய், அவன் வாசிக்கிறான். பிள்ளைகள் கோயிலில் தேவாரம் சொல்வது போல ஒன்றாகச் சொன்னார்கள். தனியாக ஒருவரை எழுப்பிக் கேட்டால் வாய் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் அந்த அட்டவணைக்கு நடுவில் யாரோ ஒருவருடைய ஆடு வகுப்புக்குள் வந்துவிட்டது. பின் வாங்கிலிருந்து ஒரு குரல்: "த கோட் இஸ் கமிங்." உடனே இன்னொரு குரல்: "த கோட் இஸ் லுக்கிங் அட் த மிஸ்." ஆடு மேசையில் கிடந்த என் பாடக்குறிப்பை வாயால் இழுத்தது. வகுப்பு முழுவதும் எழும்பி நின்றது. "குட் கட்ச்!"

நான் வாரக்கணக்கில் அட்டவணை கீறியும் அவர்கள் வாயில் வராத வினைச்சொல், ஆட்டைக் கண்டதும் பிழையில்லாமல் வந்தது. உங்களால் வந்தது. ஆட்டைத் துரத்துகிற சாட்டில் வெளியே போய் நின்றேன். அப்போது எனக்கு வந்தது கோபமென்று நினைத்தேன். பிறகுதான் அதன் சரியான பெயர் தெரிந்தது.

வீட்டில் இன்னும் மோசம். இவர் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நிற்கும்போது சாந்தி குசினிக்குள்ளிருந்து தேசிக்காயை எறிவாள். "கட்ச், அப்பா!" இவர் ஈரக் கையால் பிடித்துவிட்டுச் சிரிப்பார். "யுவர் போல்!" என்று திருப்பி எறிவார். கலியாணம் கட்டின புதிதில் 'யெஸ் சேர்' மட்டும் தெரிந்த மனிசனை நீங்கள்தானாம் இப்படிப் பந்தெறிந்து இங்கிலிஷ் கதைக்க வைத்தீர்கள். கொழும்பிலிருந்து வருகிற எஞ்சினியரிடம், வாய்க்கால் உடைந்தால்கூட, "சேர், வாட்டர் இஸ் அவுட்சைட் த லைன்" என்று சொல்வாராம். எஞ்சினியர் சிரித்துவிட்டுக் காரியத்தைச் செய்து கொடுப்பாராம்.

நான் உள்ளே வந்ததும் இரண்டு பேரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். எனக்கு மரியாதைக்காகத்தான். அக்கா, அந்த வீட்டில் இங்கிலிஷ் படித்துப் பட்டயம் எடுத்தவள் நான். எனக்கு விளங்காதென்று அவர்கள் மாறவில்லை. அது மூன்று பேருடைய பாஷை, நான் நாலாவது ஆள், அவ்வளவுதான். மூன்றாவது ஆள் நீங்கள்.

உங்கள் பிழைகளைத் தேடினேன். கிடைத்தபோது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பந்து எனக்கு வேண்டும் என்பதற்குப் பிள்ளைகள் "போல் டு மீ, போல் டு மீ" என்று கத்துவார்கள். வருசம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவளுக்குப் பால்புக்கை கிடைத்தது போல இருந்தது எனக்கு. அன்று இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன்.

"அவா சொல்லிக் குடுத்ததில கனக்கப் பிழை கிடக்கு. வினைச்சொல்லே இல்லாமல் கதைக்குதுகள்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "ஓம். பிழையாத்தான் இருக்கும். அவா உம்மளவுக்குப் படிச்சவா இல்லைத்தானே."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு சொன்னார், மெதுவாக, சண்டைக்கு இல்லாமல்: "ஆனா வாய் திறந்ததுகளெல்லே."

என் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

அரசாங்கக் கந்தோர் வேலைக்கெல்லாம் சிங்களம் வரப்போகிறது, இனி உந்த இங்கிலிஷ் எதுக்கு என்று ஊரில் ஆம்பிளைகள் கேட்கிற காலம் இது. அப்படியிருந்தும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வயல் வரம்பில் நடந்து வரும்போது "பாஸ், பாஸ், மை போல்" என்று கத்திக்கொண்டுதான் வருகிறார்கள். உத்தியோகத்துக்கு இல்லை. பரீட்சைக்கும் இல்லை. ஒரு பாஷையைச் சும்மா சந்தோஷத்துக்கு வைத்திருக்கலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

கடைசியில் பந்தை அலுமாரியால் எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சொற்களெல்லாம் நீங்கள் பெட்டைகளுக்குப் பழக்கின நெற்போலிலிருந்து, அந்த வலைப்பந்தாட்டத்திலிருந்து, வந்தவையாம்; எனக்கும் அந்த விளையாட்டும் அதில் கதைக்கிற கதையும் தெரிய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. யாரிடம் கேட்பது? சாந்தியிடம்தான் கேட்டேன். அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைச் சின்னம்மா என்று கூப்பிடச் சொல்லி வைத்திருந்தார்கள். அவளோ எதுவும் கூப்பிடாமலே காரியத்தைக் கொண்டுபோகிற கெட்டிக்காரி.

"உந்த நெற்போல் விளையாட்டை எனக்கும் ஒருக்காக் காட்டித் தாவன், சாந்தி."

"ஏன்?"

"பள்ளிக்கூடத்தில நான்தானே இனிப் பார்க்கோணும். எனக்கும் விளங்கத்தானே வேணும்."

"உங்களுக்கு எல்லா இங்கிலிஷும் தெரியுமெல்லே."

"இது தெரியாது."

சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். உங்கள் படத்தில் இருக்கிற அதே கண்.

"இது அம்மான்ர கதை. உங்களுக்கு எல்லாம் தந்தாச்சு. இதை விடுங்கோ."

அக்கா, அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அன்றுதான் ஒன்று விளங்கியது. அந்த வீட்டில் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டுமில்லை. அவளும் காவல் இருந்தாள், நான் எதைத் தொடுகிறேன், எதை எடுக்கிறேன் என்று. வீடும் அப்பாவும் கதிரையும் போய்விட்டன. சொற்களையாவது விடாமல் வைத்திருக்கப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஒரே வியாதிக்காரர் இரண்டு பேர் ஆசுபத்திரி வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போல இருந்தது.

வகுப்புப் பெட்டைகளிடம்தான் பழகினேன். பின்னேரங்களில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்தில் நின்றேன். பந்து கைக்கு வந்தபின் காலைத் தூக்கி மற்ற இடத்தில் வைத்தால் "ஸ்டெப்பிங், மிஸ்!" என்று எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். நான் வைக்காத நாளில்லை. சாந்தி தூரத்தில் நின்று பார்ப்பாள். சிரிக்க மாட்டாள்.

போன அறுவடை முடிந்து வயல் காய்ந்த காலத்தில் வவுனியாவிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெட்டைகள் நெற்போல் விளையாட வந்தார்கள். பஸ்ஸால் இறங்கும்போதே எங்கள் பிள்ளைகளின் கண் அவர்களுடைய சப்பாத்தில் இருந்தது. எங்களுடையதுகள் வெறுங்கால். மத்தியஸ்தத்துக்கு ஒரு பறங்கி மிஸ் வந்திருந்தா. கழுத்தில் விசில், தலையில் தொப்பி, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நேரே என்னிடம் வந்து, முதல் சென்ரர் பாஸ் யாருக்கு என்றோ எந்தப் பக்கம் எடுக்கிறீர்கள் என்றோ வேகமாக ஏதோ கேட்டா. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். சேர்ந்து வந்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. என் வாய் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வாய் போல ஒட்டிக்கொண்டது.

சாந்தி முன்னுக்கு வந்தாள். அவள்தான் அணித் தலைவி. எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னாள், ரொஸ் போட்டாள், பக்கத்தைத் தெரிந்தெடுத்தாள். "தாங்க் யூ, மிஸ், மே த பெஸ்ட் ரீம் வின்" என்று கையும் கொடுத்தாள். பறங்கி மிஸ் அதிசயித்துப் போனா. இவ்வளவு நன்றாகக் கதைக்கிறாயே, யார் உனக்குச் சொல்லித் தந்தது என்று கேட்டா.

"மை மதர்," என்றாள் சாந்தி.

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தா. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்றா.

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் சாந்தியைப் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் அந்தப் புகழ்ச்சி என் தலையில் இருந்தது. எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாந்திதான் இறக்கினாள். இது என்னுடைய ரீச்சர், என்னுடைய அம்மா இங்கே இல்லை என்று இங்கிலிஷில் சொன்னாள். இறந்துவிட்டா என்று சொல்லவில்லை. இங்கே இல்லை என்றுதான்.

அப்படியானால் நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்லு என்றா அந்த மிஸ்.

"ஐ வில்," என்றாள் சாந்தி.

சொன்னாளா அக்கா? சொல்லியிருக்காவிட்டால் இதோ நான் சொல்கிறேன். வவுனியாவிலிருந்து வந்த ஒரு பறங்கி மிஸ் உங்களைப் புகழ்ந்தா. எனக்கு வந்து, உங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய புகழ்ச்சி. இத்தனை காலம் வைத்திருந்ததற்குக் கோபிக்காதேங்கோ.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பெட்டைகள் பந்தைவிட அதிகமாக வாயால் விளையாடினார்கள். உங்கள் 'போல் டு மீ' மைதானம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் அதை இலக்கணம் பார்க்கவில்லை, பறங்கி மிஸ் உட்பட. இரண்டாம் பாதியில் சாந்தி பந்துக்கு எழும்பியவள் ஒரு பக்கமாக விழுந்தாள். கணுக்கால் பிரண்டுவிட்டது. சுற்றி நின்ற ஊர் முழுவதும் உங்கள் சொல்லைச் சொன்னது. "ஹார்ட் லக், சாந்தி! கெட் அப்! பிளே ஓன்!" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. திரும்பவும் பார்த்தாள்.

நான் எப்படி உள்ளே ஓடினேன் என்று தெரியாது. பறங்கி மிஸ் குனிந்து கேட்டா, பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதா, ஆள் மாற்றுகிறீர்களா என்று. அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. அவள் அடிபட்டிருக்கிறாள், அவளால் இனி முடியாது, தயவுசெய்து வேறு ஆளை விட வேண்டும் என்று என் வாயால் வந்தது. "ஷீ இஸ் ஹர்ட். ஷீ கனாட் கோ ஓன்." படிப்பிப்பதற்கு இல்லாமல், பரீட்சைக்கு இல்லாமல், என் வாழ்க்கையில் நான் இங்கிலிஷில் கதைத்த முதல் கதை அதுதான்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலை மரத்துக்குக் கீழே இருத்தினேன். மற்றவர்கள் ஆட்டத்தில். என் சேலைத் தலைப்பை நனைத்துக் காலில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் கதைக்கத் தொடங்கினாள். தமிழில். என் முகத்தைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு.

"அம்மா செத்த அண்டைக்கும் அப்பா ஹார்ட் லக் எண்டுதான் சொன்னவர்."

நான் தலைப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"காய்ச்சலெண்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனவை. நான் பாக்கியம் மாமி வீட்டில நிண்டனான். அப்பா சைக்கிளில வந்து வாசல் படலேக்க நிண்டார். நான் ஓடிப் போய், ஹவ் இஸ் அம்மா எண்டு கேட்டனான். அவர், ஹார்ட் லக், சாந்தி எண்டார். எனக்கு விளங்கேல்லை. நான்..." பக்கத்திலிருந்த புல்லைப் பிடுங்கினாள். "நான் அடுத்த மட்ச் எப்பவெண்டு கேட்டனான்."

மைதானத்தில் யாரோ கோல் போட்டார்கள். கை தட்டுகிற சத்தம் கேட்டது.

"அதை நினைச்சால் அப்பாவில கோவம் வருது. ஆரிட்டையும் சொல்லேல்லை. அழுதால் பிளே ஓன் எண்டுவார். அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவா, விழுந்தால்."

"இப்ப ஒருத்தரும் சொல்லேல்லை," என்றேன். "நீ அழு, பிள்ளை."

அழுதாள். என் மடியில் முகத்தைப் புதைத்து, ஆட்டம் முடியும்வரை அழுதாள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்தப் பிள்ளை முதன்முதலாக என் மடிக்கு வந்திருக்கிறாள், இந்த அழுகையும் அக்காவுக்குத்தான் என்று தோன்றியது. அந்த நேரத்திலும் பொறாமைப்பட்டேன். என்ன செய்ய? உங்களுக்காக அழுகிற கண்ணீரால் என்னுடைய சேலைதான் நனைந்தது. அது எனக்குப் போதும் என்றும் பட்டது, போதாது என்றும் பட்டது.

ஆட்டத்தில் தோற்றுப்போனோம். அது உங்களுக்குக் கவலையாக இருக்கும். நன்றாகத்தான் விளையாடினார்கள்.

சாந்தி சொன்னதை அன்றிரவே இவரிடம் சொன்னேன். சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான். இவர் கதிரையின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு வேற சொல்லுத் தெரியேல்லை," என்றார். "தமிழிலயும் தெரியேல்லை."

அக்கா, குறை சொல்கிறேன் என்று நினைக்காதேங்கோ. நீங்கள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எழும்புகிற சொல், ஓடுகிற சொல், பிடிக்கிற சொல். விழுந்து எழும்ப முடியாமல் கிடக்கிறவன் என்ன சொல்வது? உங்களுக்கு அதற்குக் காலம் கிடைக்கவில்லை. இருந்திருந்தால் அடுத்த தவணையில் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது அதை நான் படிப்பிக்கிறேன். உங்கள் ரொஸ் உண்டு, பந்து உண்டு, கதிரையில் ஏறிச் சொல்கிற கதை உண்டு. 'போல் டு மீ'யைத் திருத்துவதை விட்டுவிட்டேன். அதோடு என்னுடையதும் ஒன்று. இரண்டு அணியிலிருந்தும் ஒருவர் விழ வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்க வேண்டும்: அடிபட்டதா? எங்கே நோகிறது? எழும்ப உதவி செய்யட்டா? உன் இடத்தில் நான் நிற்கட்டா? விழுந்தவர் உண்மையைச் சொல்ல வேண்டும்: நோகிறது, என்னால் முடியாது, ஆட்டத்தை நிறுத்துங்கள். பெடியளுக்கு விழுகிறதில் அப்படியொரு ஆசை. தூசி கிளம்ப விழுகிறார்கள். ஒருவன் செத்தேபோய்விட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டான், அப்படியானால் நீ கதைக்கக் கூடாது என்று வகுப்பு அவனைப் பிடித்து எழுப்பியது. சாந்தி மட்டும் விழ மாட்டாள். கேட்கிற அணியில் நிற்பாள். நன்றாகக் கேட்பாள்.

போன கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இவர் வாய்க்கால் வரம்பு வெட்டப் போய் மண்வெட்டியால் காலை வெட்டிக்கொண்டு வந்தார். பெரிய காயமில்லை. ஆனாலும் இரத்தம். நான் குசினிக்குள் நின்றேன். சாந்தி வாசலுக்கு ஓடினாள். அவள் என்ன கத்துவாள் என்று எனக்குத் தெரியும். வழக்கமாக அவர்களுக்குள் நடப்பது அதுதானே. காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஆர் யூ ஹர்ட், அப்பா?"

மண்வெட்டியை நிலத்தில் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு இவர் சொன்னார். "யெஸ்." திரும்பவும், "ஐ ஆம் ஹர்ட், சாந்தி. லோங் ரைம்."

கனகாலமாக. அந்த மனிசன் காலைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் கொதிதண்ணியையும் மஞ்சளையும் எடுத்துக்கொண்டு வெளியே போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன், காயம் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று.

அவர்கள் அழுதது உங்களுக்காகத்தான். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உங்களுடையதில்லை அக்கா. அது நான் சொல்லிக் கொடுத்தது. என் வகுப்பிலிருந்து என் சொல் ஒன்று நடந்து வந்து உங்கள் வீட்டுப் படியில் ஏறி இருந்தது. அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? உங்களுக்கு ஒருக்கால் நெஞ்சுக்குள் சுருக்கென்றதா? என்றிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இத்தனை நாளும் நான் பட்டதில் ஒரு சொட்டாவது நீங்களும் பட வேண்டும்.

இதுவரை எழுதியதைச் சாந்திக்குக் காட்டாமல் உங்கள் படத்தடியில் வைத்து உங்களிடம் கொடுப்பதில்லை என்று இருந்தேன். வாசித்தாள். அவளைப் பற்றிய இடங்களில் முகம் சிவந்தது. கடைசியில், "பாகற்காயை அம்மா இவ்வளவு கருக்க மாட்டா. பாக்கியம் மாமி சும்மா சொல்லுறா," என்றாள். "மற்றதெல்லாம் சரி. குடுங்கோ, சின்னம்மா."

உங்கள் மகளையும் கணவரையும் உங்களுக்காகப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதுவதுதான் வழக்கம். அப்படி எழுத எனக்கு மனமில்லை. நான் அவர்களை எனக்காகத்தான் பார்த்துக்கொள்வேன். உங்களுக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல், உங்களில் கொஞ்சமும் குறைக்காமல் பார்த்துக்கொள்வேன். இது சத்தியம்.

உங்களை ஒருநாளும் காணாத,
உங்களைவிட்டு ஒருநாளும் விலகாத தங்கை,
கமலாம்பிகை